அரை மீட்டர் கூடுதல்

ஆறாவது மைல்கல்லை ஒட்டிய ஆறாங்கட்டை மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் குடும்பத்துப் பெண்கள் எல்லாரும் ஒரே நிறத்தில் சேலை எடுப்பது என்று முடிவானதும், மோகனாவின் ஓரகத்தி தனேஸ்வரி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டாள். மஞ்சள் சேலை, சிவப்புக் கரை, ரவிக்கைத் துணி ஆளுக்கு ஒரு மீட்டர். அதற்குக் கீழே இன்னொரு வரி: 'மோகனாவுக்கு மட்டும் அரை மீட்டர் கூடுதலா எடுக்கணும்.' அதோடு விட்டாளா? பக்கத்தில் கைகூப்பும் பொம்மை ஒன்றையும் வைத்தாள்.

அந்தக் குழுவில் இல்லாத சொந்தம் கிடையாது. முன்பு குடியிருந்த செம்பனைத் தோட்டத்தை விட்டு வெளியேறி தஞ்சோங் காராங், சுங்கை பெசார், ராவாங் என்று சிதறிப்போன அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். அத்தனை பேரும் அதைப் படித்தார்கள். சிலர் கட்டைவிரலை உயர்த்தி ஆமோதித்தார்கள். முதல் கட்டைவிரல் மோகனாவின் கணவன் செல்வாவுடையது. எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன், சிக்னலில் நிற்கும்போது எதற்கென்று பார்க்காமலே கட்டைவிரலை அழுத்திவிட்டுப் போகிறவன். இருந்தாலும் அன்று இரவு அவனுக்குச் சோறு ஆறித்தான் கிடைத்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், மோகனா வேலை செய்வது புக்கிட் ரோத்தானில் டாக்டர் லிங்கேஸ்வரனின் கிளினிக்கில். கவுண்டரில் உட்கார்ந்து மாத்திரைகளைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பவள் அவள்தான். 'காலையில பசியாறின பிறகு ஒண்ணு, ராத்திரி ஒண்ணு' என்று சொல்லிக் கொடுப்பாள். யாரோ சொன்னார்கள் என்று கண்ட மருந்தை வாங்கித் தின்றுவிட்டு வருகிறவர்களை, வயசானவர் என்றும் பார்க்காமல் விளாசுவாள். 'உங்க உடம்பு என்ன குப்பைத் தொட்டியா?' என்பது அவள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி.

அப்படிப்பட்டவள்தான், அரை மீட்டர் துணிக்காக, ராவாங் மாதவியிடம் மாத்திரை வாங்கினாள்.

மாதவி கைப்பேசியில் நேரலையாக வந்து விற்பவள். தன்னுடைய பழைய ஜீன்ஸைத் தூக்கிக் காட்டி, அதன் ஒரு காலுக்குள்ளேயே தான் முழுசாக நுழைந்து நிற்பாள். கெமிக்கல் ஒரு துளி இல்லை, முழுக்க முழுக்க மூலிகை என்பாள். ரோஜா நிறப் புட்டி, மேலே ஓர் இலைப் படம். இலை இருந்தால் மூலிகைதானே, வேறென்ன? நெஞ்சு படபடக்கிறது என்று யாரோ கேட்டதற்கு, அது கொழுப்பு கரைகிற சத்தம் என்று மாதவி சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். கிளினிக்கில் இதே பேச்சை ஒரு நோயாளி பேசியிருந்தால் மோகனா என்ன சொல்லியிருப்பாள் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் அன்று அவள் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்தாள்.

மாத்திரை வேலை செய்தது. அதில் குறை சொல்ல முடியாது. பசி என்ற ஒன்றே மறந்துபோனது. திருவிழாவுக்காகக் காப்புக் கட்டி, கவிச்சி விலக்கி, ஒருவேளைச் சாப்பாட்டோடு விரதம் இருக்கும் காலம் அது. மற்ற பெண்கள் மத்தியானம் ஆனதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பார்கள். மோகனாவோ அந்த ஒருவேளைச் சாப்பாட்டையும் பாதியில் ஒதுக்கினாள். முகம் வற்றி, கண் பெரிதாகி, இடுப்பு தெரிய ஆரம்பித்தது. விரதம்னா இப்படி இருக்கணும் என்று ஊர் பேசிக்கொண்டது. மோகனா மறுக்கவில்லை. வாய் மட்டும் எப்போதும் காய்ந்தே இருந்தது, ராத்திரியில் தூக்கம் வரவில்லை, டம்ளரைப் பிடித்தால் விரல் நடுங்கியது. புட்டியை அவள் அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்திருந்தாள், செல்வாவுக்குக்கூடத் தெரியாது.

காப்புக் கட்டிய பின் வந்த முதல் வெள்ளிக்கிழமை கோயிலில் உறுமி மேளம் முழங்கியது. உறுமிச் சத்தம் சும்மாவே நெஞ்சுக்குள் இறங்கும். மோகனாவின் நெஞ்சோ ஏற்கெனவே தனியாக ஒரு மேளம் கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டும் சேர்ந்ததும் கை உதறியது, கால் தள்ளாடியது, உடம்பெல்லாம் வியர்த்துக் கண் செருகியது. தூணைப் பிடிக்கப் போனவள் அது கைக்கு எட்டாமல் ஒரு சுற்று சுற்றி நின்றாள். அவ்வளவுதான், பூசாரி புனிதன் ஓடிவந்து நெற்றி நிறைய விபூதி அடித்து, வாயில் எலுமிச்சம்பழத்தைத் திணித்து, 'ஆத்தா இறங்கிட்டா' என்று அறிவித்தான். வார நாள்களில் ராவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பையன்தான் புனிதன். ஆனால் வெள்ளிக்கிழமை அவன் சொன்னால் அதற்கு மறுபேச்சு இல்லை.

அதுவரை அந்தக் குடும்பத்தில் அருள் என்றால் அது தனேஸ்வரிக்குத்தான். பல வருடங்களாக முதல் பால்குடம் அவள் தலையில்தான். கல்யாணத்துக்குத் தேதி குறிப்பதும், யார் நிலத்தை விற்கலாம், யார் விற்கக்கூடாது என்று சொல்வதும் அவள் வாக்குதான். அதிலும் போன வருடம் அவளுக்கு வந்த அருளைப் பற்றி ஊர் இன்னும் பேசும். நாலு பேர் பிடித்தும் அடங்காமல் மயங்கியே விழுந்துவிட்டாள். அந்த வருடம் அவள் விரதத்தில் நன்றாக இளைத்தும் இருந்தாள். பிறகு பழையபடி சதை போட்டுவிட்டது என்பது வேறு விஷயம்.

இப்போது அம்மன் வீடு மாறிவிட்டாள். கோயில் தலைவர் செல்லையா மோகனாவைத் தேடி வீட்டுக்கே வந்து, இந்த வருடம் முதல் குடம் நீங்கள்தான் எடுக்க வேண்டும் என்று கும்பிட்டுச் சொல்லிவிட்டுப் போனார். மகளுக்கு மாப்பிள்ளை அமையவில்லை என்று ஒருத்தி வந்து காலில் விழுந்தாள். செல்வாவின் நடத்தையோ தலைகீழாக மாறிப்போனது. பெண்டாட்டியை வாடி போடி என்று கூப்பிட்டவன் 'நீங்க' என்றான், 'அம்மா' என்றான். காலையில் தானே தேத்தண்ணி கலக்கிக் குடித்து, கோப்பையையும் கழுவி வைத்தான். இத்தனை வருடச் சண்டையில் நடக்காத காரியம் இது. அந்தக் கழுவிய கோப்பையைப் பார்க்கும்போதெல்லாம் மோகனாவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இனி எப்படி உண்மையைச் சொல்வது? சொன்னால் அரை மீட்டர் திரும்பி வரும், கோப்பையும் திரும்பி வரும்.

தனேஸ்வரி மட்டும் காலில் விழவில்லை. அன்னதானத்துக்குக் காய் நறுக்கும் நாளில் மோகனாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தலை நிமிராமலே கேட்டாள்.

"காலையில எழுந்தா வாய் காயுதா?"

"விரதம் இருந்தா காயாம என்னக்கா?"

"ராத்திரி தூங்குறியா?"

மோகனா தட்டில் இருந்த அடுத்த காயை எடுத்தாள். தனேஸ்வரி கத்திரிக்காயை நறுக்கி முடித்து, எழுந்து போகும்போது சொன்னாள்: "ஒழுங்கா சாப்புடு. முதல் குடம் எங்கயும் ஓடிப் போயிடாது."

பொறாமை, வேறென்ன, என்று நினைத்துக்கொண்டாள் மோகனா. அன்று சாயங்காலத்திலிருந்து மாத்திரையை இரண்டாக்கினாள். இரண்டு போட்டால் பலன் சீக்கிரம் தெரியும் என்று மாதவியும் சொல்லியிருந்தாளே.

கிளினிக்கில் ஒருநாள் மருந்துத் தட்டைக் கீழே போட்டு உடைத்தாள். டாக்டர் லிங்கேஸ்வரன் அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து நாடியைப் பார்த்தார்; பார்த்தவர் முகம் சுருங்கியது. ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா என்று நேராகவே கேட்டார். மோகனா இல்லை என்றாள், விரதம் என்றாள். அவர் இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். திருவிழா முடிந்து எடுத்துக்கொள்கிறேன் என்று அவள் அதை மடித்துக் கைப்பையில் வைத்தாள். உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது. விரதத்தில் நாடி இப்படி ஓடாது என்பது தெரியாத ஆளா அவள்? தெரிந்தும் வாய் வரவில்லை. பால்குடம் வரைக்கும் தாங்கிவிட்டால் போதும், பிறகு புட்டியைத் தூக்கி வீசிவிடலாம் என்று தனக்குத் தானே தவணை சொல்லிக்கொண்டாள்.

திருவிழா அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. பழைய தண்ணீர்ப் பம்பு வீட்டுக்குப் பக்கத்தில் குடங்களில் பால் நிரப்பி, செம்பனை மரங்களுக்கு நடுவே போகும் செம்மண் சாலையில் கோயிலுக்கு நடக்க வேண்டும். மோகனா முதல் வரிசையில் முதல் ஆள். மஞ்சள் சேலை, சிவப்புக் கரை. ரவிக்கை அவள் உடம்பில் இறுக்கமே இல்லாமல் அப்படிப் பொருந்தியிருந்தது. அரை மீட்டர் துணி தையல்காரியிடமே மிச்சமாகிவிட்டதாம். கைப்பேசிகள் எல்லாம் அவளைப் படம் எடுத்தன. அந்த ஒரு கணம் அவளுக்கு எல்லாமே தகும் என்று தோன்றியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பாதி வழியில் நெஞ்சுக்குள் ஏதோ தடுக்கி விழுந்தது. படபடப்பு எப்போதும் இருப்பதுதான். இது அது இல்லை. மேளம் தாளம் தப்பினதுபோல இதயம் ஒருமுறை நின்று, ஒருமுறை ஓடி, மறுபடி நின்றது. இடது கை மரத்தது, மூச்சு பாதியிலேயே முறிந்தது. செத்துப்போய்விடுவோம் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பக்கத்தில் இருந்தவளிடம் குடத்தைத் தள்ளிவிட்டு மண்டியிட்டாள்.

உறுமி வேகம் பிடித்தது. சுற்றி நின்றவர்கள் குலவையிட்டார்கள். புனிதன் வேப்பிலையோடு முன்னால் வந்து, வழக்கப்படி கேட்க வேண்டியதைக் கேட்டான்.

"தாயே, வந்திருக்கிறது யாரு? பேரச் சொல்லும்மா."

"நான் மோகனா." மூச்சு வாங்கியது. "நெஞ்சு வலிக்குது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

புனிதன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். "ஆத்தா விளையாடுறா. பேரச் சொல்ல மாட்டேங்கிறா." ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை அவள் தலையில் கவிழ்த்தான். எலுமிச்சம்பழத்தை வெட்டினான். மறுபடி அதே கேள்வி. அவள் மறுபடி மோகனா என்றாள். அவன் மறுபடி வெட்டினான். இவ்வளவு உண்மையான பதிலை அந்தக் கோயிலில் இதுவரை யாரும் சொன்னதில்லை. இவ்வளவு பேர் நம்பாமல் போனதும் இல்லை.

மோகனா செல்வாவின் காலைப் பிடித்துக்கொண்டாள். "என்னாங்க, நான்தாங்க. மாத்திரை சாப்புட்டேன். செத்துருவேன் போல இருக்கு." கட்டிய புருஷன், அவள் குரலை அறியாதவனா? அவன் நடுங்கிப்போய்க் காலை விடுவித்துக்கொண்டு, அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினான். கோபப்படாதீங்கம்மா, குத்தம் குறை இருந்தா மன்னிச்சிடுங்க என்றான். அதைக் கேட்டபோதுதான் மோகனாவுக்கு அழுகை வந்தது. அழுகையைப் பார்த்ததும் குலவை இன்னும் கூடியது.

இரண்டாவது வரிசையிலிருந்து தனேஸ்வரி வந்தாள். குனிந்து மோகனாவின் கையைத் தொட்டாள். கை ஐஸாக இருந்தது, நகம் நீலமாக இருந்தது. ஒரு நொடி தனேஸ்வரியின் முகத்தில் எந்தச் சாமியும் இல்லை, வெறும் பயம் மட்டும்தான் இருந்தது. நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தாள். பிறகு, யாரும் செய்யத் துணியாத ஒரு காரியத்தைச் செய்தாள். தலையில் இருந்த பால்குடத்தை இறக்கி வெறும் தரையில் வைத்தாள். வைத்த வேகத்தில் அது சாய்ந்து பால் செம்மண்ணில் ஓடியது. கூட்டம் மூச்சை இழுத்துக்கொண்டது. உறுமிகூட ஒரு அடி தவறியது.

தனேஸ்வரி கூந்தலை அவிழ்த்து உதறினாள். வந்த குரல் பம்பு வீடு வரை கேட்டது.

"டேய் புனிதா! என் பிள்ளைய என்னடா பண்றீங்க? தூக்குங்கடா அவள லோரியில. ஆஸ்பத்திரிக்குப் போங்கடா!"

புனிதனின் கையிலிருந்த வேப்பிலை நழுவியது. தலைவர் செல்லையா கைகட்டி முன்னால் வந்து, அபிஷேகத்தை முடித்துக்கொண்டு போகலாமே தாயே என்று மெல்லக் கேட்டுப் பார்த்தார்.

"எனக்குப் பால நாளைக்கு ஊத்துங்கடா, செல்லையா. இவள இப்ப தூக்குங்க."

அதற்குமேல் யார் பேசுவது? மோகனா மோகனாவாகச் சொன்னபோது அசையாத கூட்டம், அதையே அம்மன் சொன்னதும் பறந்தது. அன்னதானச் சட்டிகள் ஏற்றியிருந்த செல்வாவின் லோரி கிளம்பியது. முன்னால் செல்வா, பக்கத்தில் மோகனா, அவளைத் தாங்கிப் பிடித்துத் தலைவிரி கோலமாய் தனேஸ்வரி. உறுமிக் குழுவை யாரும் நிறுத்தச் சொல்லாததால் அவர்களும் வேனில் ஏறிக் கொட்டிக்கொண்டே பின்னால் வந்தார்கள்.

முச்சந்தியில் செல்வா பயபக்தியோடு கேட்டான், தாயே இடப்பக்கமா வலப்பக்கமா என்று.

"நேரா போ லா!" என்றது தெய்வம். பிறகு மோகனாவின் காதருகே குனிந்து, வீட்டுக் குரலில், "கண்ண மூடாதடி. மூச்ச மெதுவா விடு. அக்கா இருக்கேன்," என்றது.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி மேளத்தை மட்டும் தடுத்துவிட்டார். உள்ளே ஓர் இளம் பெண் டாக்டர், தமிழ்ப் பெண், மோகனாவின் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிக்கொண்டே என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டாள். செல்வா விரதம் என்றான், அருள் என்றான், முதல் குடம் என்றான். டாக்டர் எரிச்சலோடு மறுபடி கேட்டாள். ஆக்சிஜன் முகமூடிக்குள் மோகனாவால் வாயைத் திறக்க முடியவில்லை.

தனேஸ்வரி கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு முன்னால் வந்தாள்.

"பாதி பச்சை, பாதி வெள்ளை கேப்சூல், டாக்டர். ரோஜாக் கலர் புட்டி, இலைப் படம் போட்டிருக்கும். பசியாறுறதுக்கு முன்னால ஒண்ணு. சாயங்காலமும் ஒண்ணு போடச் சொல்லுவாங்க. இவ போட்டிருப்பா."

செல்வா வாயைப் பிளந்து அண்ணியைப் பார்த்தான். மோகனாவும் பார்த்தாள். அரிசி டின்னுக்குள் இருந்த புட்டியை அவள் ஒருவருக்கும் காட்டியதில்லை. தனேஸ்வரி சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிழைத்தாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பேச்சே வேறு என்றாள் டாக்டர். புட்டியில் எழுதாத மருந்து ஒன்று அந்த மாத்திரையில் இருந்தது. இதயத்தை விரட்டுகிறது என்று எப்போதோ தடை செய்யப்பட்ட சரக்கு. அதோடு பட்டினியும் வியர்வையும் சேர்ந்து உடம்பின் உப்புச் சத்தையும் இறக்கிவிட்டிருந்தன. டாக்டர் இதையெல்லாம் விளக்கும்போது, புக்கிட் ரோத்தான் கிளினிக்கில் கவுண்டரில் வேலை செய்பவள் தான் என்பதை மோகனா சொல்லாமல் விட்டுவிட்டாள்.

வார்டில் தனேஸ்வரி ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். மோகனா மெல்லக் கேட்டாள், "அக்கா, அன்னைக்கு உங்களுக்கு வந்தது நெசமாவே அருளா?"

"வந்தது யாரா இருந்தா என்ன? லோரி கெளம்புச்சா இல்லையா?"

"அப்ப போன வருஷம்..."

தனேஸ்வரி ஒரு சுளையை எடுத்து அவள் வாயில் வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது ஊர் தன் முடிவை ஏற்கெனவே எடுத்திருந்தது. அம்மன் ஒருத்தியைச் சோதித்து, இன்னொருத்தி மேல் வந்து காப்பாற்றினாள். அதற்கு நன்றிக்கடனாக அடுத்த வருடம் கோபுரத்துக்கு வெள்ளையடிக்க வேண்டும். மாத்திரைக் கதை காற்றில் கலந்திருந்தாலும் அதைச் சபையில் யாரும் பேசவில்லை. தனியாகப் பேசினார்கள். உடம்பு எப்படி இருக்கு என்று அழைத்தவர்கள், போனை வைப்பதற்கு முன் குரலைத் தாழ்த்தி, அந்த மாத்திரையை எங்கே வாங்கினீங்க என்று கேட்டார்கள். புனிதனின் மனைவி கேட்டாள். சுங்கை பெசாரிலிருந்து செல்வாவின் தங்கை கண்மணி கேட்டாள். பிரஷருக்கு மாத்திரை போடுகிறவள், மூன்று பிள்ளைகளுக்குத் தாய். தான் இரண்டு போடாமல் ஒன்றோடு நிறுத்திக்கொள்வதாக வேறு சொன்னாள்.

கண்மணி கேட்ட அன்றைக்கே மாதவியின் நேரலையில் ஒரு படம் வந்தது. மஞ்சள் சேலை, தலையில் பால்குடம், செதுக்கி வைத்த இடுப்பு. 'நம்ம கஸ்டமர்தான், பாருங்க' என்று மாதவி மோகனாவின் இடுப்பைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டினாள். புட்டி இப்போது ரோஜா நிறம் இல்லை, ஊதா. இலை மட்டும் அதே இலை.

மோகனாவுக்கு உடம்பு பற்றியெரிந்தது. செத்திருந்தாலும் இந்தப் படம் வந்திருக்கும் என்று தோன்றியது. கண்மணியை நினைத்தாள். கழுவி வைத்த கோப்பையையும் நினைத்தாள். நினைக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். பிறகு குடும்பக் குழுவைத் திறந்து, எழுதினாள்: 'எனக்கு வந்தது அருள் இல்லை. ஒல்லியாகணும்னு திருட்டுத்தனமா சாப்பிட்ட மாத்திரை. சாகக் கிடந்தேன். யாரும் வாங்காதீங்க. கண்மணி, உன்னைத்தான் சொல்றேன்.'

எல்லாரும் படித்தார்கள் என்பதற்கு நீல அடையாளம் விழுந்தது. ஒருவரும் பதில் போடவில்லை. பிறந்தநாள் கேக்குக்கும் பூனைப் படத்துக்கும் கைதட்டுகிற குழு வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சாமி விஷயம், யார் முதலில் வாய் விடுவது? 'இவ பொய்க்காரி' என்று அத்தனை பேரும் நினைக்கிறார்கள் என்று மோகனாவுக்குப் பட்டது.

தனேஸ்வரி எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று திரை காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. மறுபடி நின்றது. பல வருடத்து முதல் குடம் அந்தப் பக்கம் தயங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் வந்தது.

'மோகனா சொல்றது நெசம். போன வருஷம் நான் மயங்கி விழுந்ததும் இதே மாத்திரைதான். அப்பவே நான் சொல்லியிருந்தா இவ படுத்திருக்க மாட்டா. கண்மணி, நீ வாங்கினே, தொலைச்சுப்புடுவேன். அடுத்த வருஷ ரவிக்கைக்கு எங்க ரெண்டு பேருக்கும் அரை மீட்டர் கூடுதலா எடுங்க.'

கைகூப்பும் பொம்மை இல்லை.

மோகனா அந்தக் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்து அழுதுகொண்டிருந்தபோது, கீழே முதல் கட்டைவிரல் உயர்ந்தது. செல்வாவுடையது, எங்கோ சிக்னலில் நின்றிருப்பான். படித்துவிட்டுத்தான் அழுத்தினானா என்று சாயங்காலம் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, அவள் எழுந்து போய் ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.